ஜன்னலைப் பார்த்த நாற்காலி, கூரையைப் பார்க்கும் நாற்காலி: எல்லைப்புறப் பல் மருத்துவ அறைகளில் ஒளியின் வரலாறு

பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பகுதிகளிலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், குமுளி ஊர்களிலும் பல் மருத்துவ அறைகள் உருமாறி வருகின்றன. குழல்விளக்கும் மர மேசையும் இருந்த இடத்தில் ஃபால்ஸ் சீலிங், அதனுள் புதைத்த எல்.இ.டி. விளக்குகள், சுவரோரம் ஓடும் ஒளிப்பட்டை. அறைக்கென்றே வடிவமைத்த ஒளியமைப்பு இன்று புதுப்பித்தல் மதிப்பீட்டில் தனி வரியாக இடம்பெறுகிறது. ஆனால் அந்த வரி பெரும்பாலும் உள்ளலங்காரம் என்ற தலைப்பின் கீழ்தான் எழுதப்படுகிறது. மருத்துவக் கருவிகளின் தலைப்பின் கீழ் எழுதப்படுவதில்லை. இந்த வகைப்பாடு பிழையானது என்பதே என் வாதம். பல் மருத்துவத்தில் ஒளி எப்போதும் கருவியாகவே இருந்துள்ளது. அக்கருவி மாறியபோதெல்லாம் மருத்துவரின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதும் மாறியுள்ளது. எல்லைப்புற மக்களின் வாய்க்குள் இதற்கான விளைவுகள் உள்ளன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலப்பரப்பைப் பற்றிச் சில சொற்கள். இன்று கேரளத்தின் இரு மாவட்டங்களாகத் தெரியும் இப்பகுதி, 1947 வரை மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு அருகிலேயே இருந்த சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்குரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்குரியவை. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானது. பாலக்காடு மாவட்டம் 1957-இலும் இடுக்கி மாவட்டம் 1972-இலும் அமைந்தன. மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னும் போக்குவரத்து பழைய தடங்களிலேயே தொடர்ந்தது. பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கும் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகச் செல்லப் பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை வழியே தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். நோயாளியும் மருந்தும் பொறியாளரும் விளக்கும் இவ்வெல்லையை இரு பக்கமும் கடந்தபடியே இருக்கின்றனர். ஆகவே இங்கு ஒரு பல் மருத்துவ அறையின் வரலாற்றை ஒரே மாநிலத்தின் வரலாறாக எழுத இயலாது.

மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் பல் மருத்துவரின் விளக்கு ஜன்னல்தான். செயற்கை ஒளியை வாய்க்குள் கொண்டுசெல்லும் முயற்சி இல்லாமல் இல்லை. பிரெஸ்லாவ் நகரப் பல் மருத்துவர் யூலியஸ் புருக், மின்கலத்தால் வெண்சூடேறிய பிளாட்டினக் கம்பியை நீரால் குளிர்வித்து, பற்களின் பின்னிருந்து ஒளியூட்டும் கருவி ஒன்றை 1867-இல் விவரித்தார். எடிசனின் விளக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது அது. ஆனால் அன்றாடத் தொழிலுக்கு அது உதவவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே இட்டு, நோயாளியை ஒளி நோக்கி அமர்த்தி, மருத்துவர் பக்கவாட்டில் நின்று வேலை செய்வதே நடைமுறை. எந்த ஜன்னல் என்பதிலும் கருத்தொற்றுமை இருந்தது: வடக்கு நோக்கிய ஜன்னல். ஓவியர்களும் பல் மருத்துவர்களும் ஒருங்கே விரும்பிய ஒளி அது. நேரடி வெயில் விழாது. காலை முதல் மாலை வரை நிறமும் அளவும் அதிகம் மாறாது.

இந்த விதி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும். பாலக்காட்டுக்குப் பொருந்துமா? நம் பகுதி 10 முதல் 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் இங்கு நமக்கு வடக்கே நிற்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் சாய்கதிர் வடக்கு ஜன்னலுக்குள் நுழையும். தென்மேற்குப் பருவமழை ஜூனுக்குப் பின் வானத்தை மூடிவிடுவதால் முழுத் தொல்லையும் தெரிவதில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில், அதுவும் மழை குறைந்த கிழக்குச் சித்தூரில், வடக்கு ஜன்னல் நம்பத்தகுந்த ஒளிமூலமாக இராது. மூணாற்றில் பிரச்சினை வேறு: பனிமூட்டம் இறங்கினால் பத்து நிமிடத்தில் பகலொளியின் அளவு பாதியாகிவிடும். நமது பல் மருத்துவக் கல்வி, கல்கத்தாவில் 1920-இல் ரஃபியுதீன் அகமது தொடங்கிய கல்லூரியிலிருந்து, சென்னையில் 1953-இலும் திருவனந்தபுரத்தில் 1959-இலும் தொடங்கியவை வரை, வடவட்சப் பாடநூல்களைக் கொண்டே வளர்ந்தது. அந்நூல்களின் ஜன்னலையும் சேர்த்துத்தான் நாம் இறக்குமதி செய்தோம்.

ஜன்னலுக்கு நோய் வரலாற்றில் ஓர் இடமுண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-இல் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் விளங்காத பழுப்புக் கறையைக் கண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1931-இல், அதன் காரணம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு என்பது உறுதியானது. பின்னர் டிரெண்ட்லி டீன் 1934-இல் வகுத்து 1942-இல் திருத்திய தரவரிசை இன்றும் பயன்படுகிறது. அவருடைய கள ஆய்வுகளில் குழந்தைகள் ஜன்னலை நோக்கி அமர்த்தப்பட்டு, நல்ல இயற்கை ஒளியில் சோதிக்கப்பட்டனர். காரணம் எளிது. கடுமையான ஃபுளோரோசிஸ் எந்த விளக்கிலும் தெரியும். மென்மையான நிலையோ, பற்சிப்பியின் மேல் தாளில் பட்ட எண்ணெய் போல மங்கலான வெண்புள்ளிகளாக மட்டுமே இருக்கும். மஞ்சள் ஒளியில் அது மறைந்துவிடும்.

இந்தியாவில் இந்நோய் மருத்துவ இலக்கியத்துக்குள் வந்ததும் ஏறத்தாழ அதே காலம். கிண்டி கிங் நிலையத்தோடு தொடர்புடைய ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்ட ஃபுளோரோசிஸ் பற்றி 1937-இல் எழுதினர். அன்று நெல்லூரும் பாலக்காடும் ஒரே சென்னை மாகாணம். கேரளத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் இன்று முதன்மையாகப் பேசப்படுவது கிழக்குப் பாலக்காடு, குறிப்பாகச் சித்தூர் தாலுகாவின் எல்லையோர ஊராட்சிகள். கடினப் பாறை, குறைந்த மழை, ஆழ்துளைக் கிணற்றைச் சார்ந்த வாழ்க்கை ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு. இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்புடைய அளவாகவும், மாற்று நீர் இல்லாவிடில் 1.5-ஐ உச்சமாகவும் வைக்கிறது. பல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் குடித்த நீர் பிற்காலத்தில் பல்லில் எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்தை வாசிக்கத் தக்க ஒளி வேண்டும். ஓர் ஊரின் கிணறு மாற வேண்டும் என்பதற்கான முதல் சாட்சியம் பள்ளிப் பிள்ளையின் முன்பல்லாக இருக்கலாம்.

மின்சாரம் மலைக்குச் சமவெளியிலிருந்து ஏறி வரவில்லை என்பது இப்பகுதியின் வேடிக்கைகளுள் ஒன்று. மூணாற்றுத் தேயிலைக் கம்பெனி தன் தேவைக்காக நீர்மின் உற்பத்தியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேற்கொண்டது. திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் மின்நிலையம் 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரள எல்லைக்குள் அமைந்த முதல் பெரிய நீர்மின் திட்டம் அது. இடுக்கித் திட்டம் 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மாநிலத்துக்கே வெளிச்சம் தந்த மலையில், தோட்ட லயங்களுக்குள் அந்த வெளிச்சம் எத்தனை தாமதமாக வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கு அதைத் தொடவில்லை.

இழைவிளக்கு வந்ததும் இரவிலும் பல் பிடுங்க முடிந்தது. ஆனால் அதன் ஒளி மஞ்சளும் சிவப்பும் மிகுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்நலக் கள ஆய்வுக் கையேடு, அழற்சியும் திசு மாற்றங்களும் மஞ்சள்-செந்நிறச் செயற்கை ஒளியில் கண்டறியக் கடினம் என்றும், நீல-வெண்மை சார்ந்த விளக்கைப் பயன்படுத்த வேண்டும் என்றும் வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது. இழைவிளக்கு ஜன்னலோடு போட்டியிட்ட அந்தக் காலத்தில், நிறம் பார்க்க நோயாளியை ஜன்னலோரம் அழைத்துச் செல்வது மருத்துவர்களின் வழக்கமாகவே நீடித்தது.

அப்படியானால் ஜன்னல் எப்போது தோற்றது? வழக்கமான விடை: நல்ல விளக்கு வந்தபோது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. 1958-இல் முழுமையாகச் சாயும் பல் மருத்துவ நாற்காலி அமெரிக்காவில் அறிமுகமானது. அதன்பின் நின்றபடி வேலை செய்த மருத்துவர் அமர்ந்தார். அமர்ந்திருந்த நோயாளி மல்லாந்தார். வாய் இப்போது கூரையை நோக்கித் திறக்கிறது. பக்கச் சுவரிலுள்ள ஜன்னல் எவ்வளவு பெரிதாயினும் அதன் ஒளி மேல்தாடையின் உட்புறத்தை அடையாது. ஜன்னலை ஓய்வுபெறச் செய்தது அந்த நாற்காலி. விளக்கு தலைக்கு மேலே தொங்கியாக வேண்டிய கட்டாயம் அப்போதுதான் முழுமையடைந்தது. இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதை நம் உள்ளலங்கார வல்லுநர்கள் இன்றளவும் கவனிக்கவில்லை. நோயாளியின் கண்களும் கூரையை நோக்கின. கடையில் நிற்பவருக்கு இதமான டவுன் லைட், மல்லாந்தவரின் கண்ணுக்குள் நேராக இறங்கும் கூசொளி. நாற்காலிக்கு நேர்மேலே புள்ளி விளக்குகளைப் பதிக்கும் வழக்கம், 1958-க்கு முந்தைய உடல்நிலையை மனத்தில் கொண்டு 2020-களின் அறையை வடிவமைப்பதாகும்.

தலைக்கு மேல் வந்த விளக்கு முதலில் இழைவிளக்கு, பிறகு ஹாலோஜன். ஹாலோஜனின் வெப்பத்தைப் பின்புறம் கடத்திவிட்டு ஒளியை மட்டும் திருப்பும் சிறப்புக் கண்ணாடிகள் வந்தன. பின்னர் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். மூன்றாண்டுகளில் அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சிட்ட வெள்ளை எல்.இ.டி. சந்தைக்கு வந்தது. நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எல்.இ.டி.யை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசென்றது. வீட்டுக்கு வந்த அதே விளக்கே மருத்துவ அறைக்கும் வந்தது. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெள்ளை எல்.இ.டி. என்பது, அதன் உள்ளியல்பில், நீல விளக்கு. 450 நானோமீட்டரை ஒட்டி அதன் ஒளி கூர்மையாக உயர்கிறது. இதே காலத்தில் பல் மருத்துவம் நீல ஒளியை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தக் கற்றிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் புற ஊதாவாலும், அப்பதிற்றாண்டின் இறுதியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாலும் காம்போசிட் பிசின் இறுகச் செய்யப்பட்டது. அதில் கலந்துள்ள கேம்ஃபர்குயினோன் என்னும் பொருள் 470 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்குகிறது. 1995-இல் மில்ஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இப்பணிக்கு நீல எல்.இ.டி.யைப் பரிந்துரைத்தார், இன்று ஏறத்தாழ எல்லா அறைகளிலும் அக்கருவியே உள்ளது. ஆனால் பார்ப்பதற்கான விளக்கிலும் அதே நீலம் இருப்பதால், மருத்துவர் குழியில் பிசினை வடிவமைத்துக்கொண்டிருக்கும்போதே அது இறுகத் தொடங்கிவிடுகிறது. காம்போசிட்டுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 4049, சுற்றொளித் தாங்குதிறனை 8,000 லக்ஸ் ஒளியில் 60 நொடிகள் என்று சோதிக்கிறது. இன்றைய சிகிச்சை விளக்குகள் பல 20,000 லக்ஸைத் தாண்டுபவை. நல்ல விளக்குகளில் நீலத்தை வடிகட்டிய மஞ்சள் நிலை ஒன்று தனியே தரப்படுவது இதனால்தான். அது இல்லாத விளக்கின் கீழ் அடைத்த பல்லின் விளிம்பில் இடைவெளி விழுந்தால், குற்றம் பிசின் மீதோ கை மீதோதான் சுமத்தப்படும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரிது. இப்பதிவின் மையமும் அதுவே. விளக்குப் பெட்டிகளில் அச்சிடப்படும் ஆர்.ஏ. எனும் நிறம் காட்டும் குறியீடு, வெளிறிய எட்டு மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே. ஒன்பதாவது மாதிரியான ஆழ்சிவப்பு, ஆர்-9, அச்சராசரியில் சேர்வதில்லை. நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சிட்டு உருவாக்கிய ஒளியில் ஆழ்சிவப்புதான் முதலில் குறைகிறது. ஆர்.ஏ. 80 என்று எழுதிய விளக்கின் ஆர்-9 சுழியத்தை ஒட்டியும் இருக்கலாம். துணிக்கடைக்கு அது பொருட்டன்று. வாய்க்குள்ளோ, பார்க்க வேண்டியவற்றில் பாதி சிவப்பு: ஈறு அழற்சி, இரத்தக் கசிவு, வாய்ப்புற்றுக்கு முந்தைய செம்படலம். வெண்படலத்தைவிடச் செம்படலம் ஆபத்து மிகுந்தது என்பது பாடநூல் செய்தி. வெற்றிலையும் புகையிலையும் பாக்கும் அன்றாடப் பழக்கமாக உள்ள தோட்டத் தொழிலாளர் வாயில், வெற்றிலைச் சிவப்பையும் அழற்சிச் சிவப்பையும் புற்றுமுன் சிவப்பையும் வேறுபடுத்திக் காண வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே மங்கல் பழுப்பாகக் காட்டும் விளக்கு அங்கு என்ன பயன் தரும்?

கண்ணால் பார்ப்பதன் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம். உலகம் மேற்கோள் காட்டும் சான்று கேரளத்திலிருந்தே கிடைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996-இல் தொடங்கிய வாய்ப்புற்று ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் சோதித்தனர். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மது பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது. கதிர்வீச்சு வேண்டியிருக்கவில்லை, மரபணுச் சோதனை வேண்டியிருக்கவில்லை. கண்ணும் வெளிச்சமும் போதுமானதாக இருந்தன. அந்த வெளிச்சத்தின் தரத்தை உள்ளலங்காரத் தலைப்பில் ஒதுக்குவது எத்தகைய அலட்சியம் என்பதை இச்சான்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி வடிவமைப்பு. ஐரோப்பிய ஒளியமைப்புத் தரம் பல் மருத்துவ அறைக்குப் பொதுவெளியில் 500, நோயாளியைச் சுற்றி 1,000, வாய்க்குழியில் 5,000 லக்ஸ் என மூன்று வளையங்களைக் கோருகிறது, ஆர்.ஏ. 90. இவ்வளையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று படிப்படியாக ஏறுவது மருத்துவரின் கண்ணுக்காக. 20,000 லக்ஸ் வாயிலிருந்து பார்வையை எடுத்து 200 லக்ஸ் தட்டில் கருவியைத் தேடும் கண், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை தன்னைத் தகவமைத்துக்கொண்டு களைக்கிறது. மூன்றரை மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையை எடுத்துக்கொள்வோம்: பத்தரைச் சதுர மீட்டர். 500 லக்ஸுக்கு மேசை மட்டத்தில் 5,250 லூமென் தேவை. சுவரும் கூரையும் உறிஞ்சுவதற்காகப் பாதி, தூசும் முதுமையும் தின்பதற்காக ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், விளக்குகள் சுமார் 13,000 லூமென் தர வேண்டும். வாட்டுக்கு 100 லூமென் எனில் 130 வாட். பன்னிரண்டு வாட் டவுன் லைட் நான்கை மாட்டிவிட்டு அறை பளிச்சென்றிருப்பதாகக் கூறும் ஒப்பந்தக்காரர், இக்கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லை.

அந்த ஒளி எங்கிருந்து வர வேண்டும் என்பதை நாற்காலியின் வரலாறு சொல்லிவிடுகிறது. நோயாளியின் முகத்துக்கு மேல் புள்ளிகள் கூடாது. நாற்காலியின் இரு பக்கமும் நீளவாக்கில், பால்வண்ண மூடியிட்ட நீண்ட விளக்குகள். இயன்றால் கூரையை நோக்கியும் ஒளி வீசுபவை. நிழல் மெலியும், கண் கூசாது. நிற வெப்பநிலை 5,000 கெல்வினை ஒட்டியிருப்பது நல்லது. வரவேற்பறையில் 3,000 கெல்வின் இதமான மஞ்சள் இருக்கட்டும். சிகிச்சை அறையில் அது நுழைய வேண்டாம். சுவர்ப்பட்டையின் நிறம் மாறும் ஒளியைப் பற்றி ஒரு சொல்: குழந்தைகளின் அச்சத்தைத் தணிக்க உதவுகிறது என்பது உண்மையானால் வைக்கட்டும், நிறம் பார்க்கும் நேரத்தில் அதை அணைக்கத் தனி ஸ்விட்ச் இருக்கட்டும். நம் பக்கத்துச் சுவர்களுக்கு அடிக்கும் அடர் பச்சையும் இளஞ்சிவப்பும் விளக்கின் நிறத்தையே மாற்றிவிடக் கூடியவை. இளஞ்சாம்பல் அழகற்றது என்பார்கள்; பல்லின் நிறத்தை அது பொய்யாக்காது.

பல்லின் நிறம் என்பது எல்லை கடக்கும் பொருள். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த நிறமாதிரி வரிசைதான் இன்றும் உலகெங்கும் அளவுகோல். மருத்துவர் தம் அறையில் ஒரு மாதிரியைத் தேர்கிறார். செராமிக் பல் வேறோர் ஊரின் ஆய்வகத்தில், வேறொரு விளக்கில் உருவாகிறது. ஓர் ஒளியில் ஒத்துத் தெரியும் இரு பொருட்கள் மற்றோர் ஒளியில் வேறுபடும். சித்தூரில் தேர்ந்து கோவையில் செய்யப்பட்ட பல், கல்யாண மண்டபத்தின் விளக்கில் தனித்துத் தெரிவது இதனால்தான். வெண்புள்ளியும் பழுப்புக் கோடும் கலந்த ஃபுளோரோசிஸ் பல்லுக்கு இணைநிறம் தேடுவது இதனினும் கடினம். அத்தகைய நோயாளிகள் மிகுந்த பகுதியில் நிறம் காணும் விளக்கு தனிச் சுற்றாக, ஆர்-9 உட்பட உயர்ந்த மதிப்புகளோடு இருப்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

மின்சாரத்தின் குணத்தையும் மறக்கலாகாது. இடுக்கி மலைகளில் இடிமின்னல் மிகுதி, எல்.இ.டி.யில் முதலில் சாவது ஒளிரும் சில்லு அன்று, அதற்கு மின்னூட்டும் டிரைவர். மலிவான டிரைவர் நொடிக்கு 100 முறை ஒளியை நடுங்கச் செய்கிறது. கண் அதை உணராவிட்டாலும் வாய்க்குள் செலுத்தும் கேமராவின் படத்தில் கருங்கோடுகள் ஓடும். டிரைவரை ஃபால்ஸ் சீலிங்குக்குள் அடைத்து மூடாமல், எட்டும் இடத்தில் வைத்து, மின்னெழுச்சிக் காப்போடு இணைப்பது, மலையூரில் விளக்கின் விலையைவிட முக்கியமான முடிவு.

ஒரு வேண்டுகோள். பாலக்காடு, சித்தூர், மூணாறு, பீர்மேடு, குமுளிப் பகுதிகளில் 1980-க்கு முந்தைய பல் மருத்துவ அறைகளின் ஒளிப்படங்கள், கட்டட வரைபடங்கள், விளக்கு வாங்கிய பட்டியல்கள் உங்கள் குடும்பத்திலோ நூலகத்திலோ இருப்பின் படியெடுத்து அனுப்புங்கள். நாற்காலி எந்தத் திசை நோக்கி இருந்தது என்பது தெரியும் படமாயின் மிக நன்று. இப்போது அறையைப் புதுப்பிக்கும் மருத்துவ நண்பர்கள், விளக்கு விற்பவரிடம் ஆர்-9 மதிப்பை எழுத்தில் கேட்டு, கிடைத்த பதிலையும் கீழே பதிவு செய்யலாம்.